15,000 ரூபாவுக்கு ஒரு வாள்

வயதான ஒரு பெண்ணிடம் பொய் சொல்லி ஒரு ஜப்பானிய வாளை வாங்கினேன். நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த வழியையும் என் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டேன். ஊரில் இப்போது என்னைப் பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர் என்று கூப்பிட்டு மாலை போடத் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி வைக்கச் சொல்கிறார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சாமான் சேர்ப்பவனுக்கு யாழ்ப்பாணம் நல்ல இடம். 1885இல் மலாயாவில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து நம்மவர்கள் அங்கே போய்க்கொண்டே இருந்தார்கள். ரயில்வேயிலும் அளவைப் பகுதியிலும் கந்தோர்களிலும் இருந்து உழைத்து, பென்சனோடு திரும்பி வந்து, தேக்கு மரமும் பெரிய விறாந்தையுமாக வீடு கட்டினார்கள். மலாயன் பென்சனியர் என்றால் சம்பந்தம் பேச வருபவர்களும் கதிரையின் நுனியில் இருந்துதான் பேசுவார்களாம். அந்த வீடுகளின் பெட்டகங்களைத் துழாவினால் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரத்து நோட்டுகள் இன்றும் அகப்படும். 1945இல் ஒரே நாளில் வெறும் கடதாசியாகிப்போன பத்து டொலர் நோட்டுகள் அவை. இலங்கை அரசு 1942இல் உலோகத் தட்டுப்பாட்டுக்காக வெளியிட்ட 5 சத நோட்டும் என்னிடம் உண்டு. நடுவே துளையிட்டிருக்கும், கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். பலாலியில் பிரிட்டிஷ் விமானப்படை இருந்த காலத்துப் பித்தளைப் பொத்தான்களும் சில வைத்திருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை இவற்றோடு திருப்தியாகத்தான் இருந்தேன். பிறகு இரும்பின்மேல் ஆசை வந்தது.

வாளைப் பற்றி நான் அரைகுறையாகப் படித்தேன். சாமான் சேர்ப்பவனுக்கு அரைப் படிப்பைப்போல ஆபத்து வேறில்லை. ஏமாறாமல் இருக்க அது போதாது, ஏமாற்றத் தாராளமாகப் போதும். ஜப்பானியப் படையில் சிப்பாய்ப் பதவியிலிருந்து உயர்ந்த சார்ஜண்ட் தரத்தாருக்கு அரசே கொடுத்தது 95ஆம் மாதிரி. அலுமினியத்தில் வார்த்து, நூல் சுற்றியதுபோலச் சாயம் பூசிய கைப்பிடி. அலகில் இலக்கம் குத்தியிருக்கும். அது முழுக்கவும் தொழிற்சாலைச் சரக்கு. அதிகாரிகளின் 94ஆம், 98ஆம் மாதிரிகள் வேறு கதை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2594 என்பது 1934. மாதிரி இலக்கங்கள் அப்படி வந்தவை. அதிகாரி தன் வாளைத் தன் காசில் வாங்கவேண்டும். ஆகவே செக்கி நகரப் பட்டறையில் 1942இல் அடித்த மலிவான அலகும் அந்த உறைக்குள் இருக்கலாம். தகப்பன் வழியாக வந்த முந்நூறு, நானூறு வருடப் பழைய அலகைப் பட்டாளக் கைப்பிடியில் பொருத்தியதும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே செர்ரிப்பூப் பொறித்த பித்தளை, அதே திருக்கைத் தோலின்மேல் சுற்றிய நூல்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். செய்த கொல்லன் பெயர் வெட்டுவதும், மறுபக்கம் திகதி வெட்டுவதும், போர்க்கால முத்திரை குத்துவதும் அந்தத் தண்டில்தான். கைப்பிடியையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்ன மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் கழன்றுவிடும். விற்பவர் முன்னால் கழற்றினால் விற்பவருக்கும் தெரிந்துவிடும். ஆகவே நான் கழற்றவில்லை.

வாள் கிடந்த வீடு மானிப்பாய்ப் பக்கம். அந்த ஆச்சி பிறந்தது கோலாலம்பூரில். தகப்பனார் செந்தூல் ரயில் பட்டறையில் கிளாக்கர். வாழைமரத்து நோட்டு இருக்கிறதா என்று கேட்டுத்தான் போனேன். நோட்டைத் தந்துவிட்டு, "இன்னொரு சாமானும் கிடக்கு, பார்க்கிறியே மோனை?" என்றார். முகட்டு வளைக்கும் ஓட்டுக்கும் இடையில், எண்ணெய் ஊறின வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. 1987இல் இந்திய இராணுவம் வீடுவீடாகச் சோதித்தபோதும் அங்கேதான் இருந்ததாம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கதவு நிலைகூட இல்லை, வாள் இருந்தது.

உறையிலிருந்து நாலு விரற்கடை வெளியே இழுத்தேன். அலகின் கூர் ஓரமாக ஒரு வெண்ணிற அலைக்கோடு ஓடிற்று. அலகுக்குக் களிமண் பூசி, கூர்ப் பக்கம் மெல்லியதாகவும் முதுகுப் பக்கம் தடிப்பாகவும் விட்டு, சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மண் மெல்லிய இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். தடித்த இடம் ஆறுதலாகக் குளிர்ந்து வளையக்கூடியதாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. வாளுக்கு அந்த வளைவு கூடுவதும் அந்தக் கணத்தில்தான். எண்ணெயில் குளிரவைத்த பட்டறை அலகுகளிலும் கோடு உண்டு. ஆகவே கோடு மட்டும் சாட்சியாகாது. ஆனால் நான் கண்ட கோட்டுக்குள்ளே பொடிப்பொடியாக மணிகள் மின்னின. அது நல்ல அறிகுறி என்று படித்திருந்தேன். கை நடுங்கியது. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

"ஆச்சி, இது மெஷினில அடிச்ச சாமான். சண்டைக் காலத்தில கணக்கில்லாமல் செய்து தள்ளினவங்கள். இரும்பு விலைதான் வரும்."

"எங்கட ஐயா அப்பிடிச் சொல்லேல்லத் தம்பி."

வாள்வெட்டுச் செய்தியில்லாமல் யாழ்ப்பாணப் பத்திரிகை வராத காலம் அது. ஆவா குழு என்ற பெயர் ஒவ்வொரு கடை வாசலிலும் அடிபட்டது. வாளோடு பிடிபட்ட பொடியன்களின் படங்கள் முன்பக்கத்தில் வந்தன. நான் அதை எடுத்துப் பாவித்தேன். "வீட்டில வாள் கிடக்குதெண்டு பொலிஸ் அறிஞ்சால் கரைச்சல் ஆச்சி. பேரப்பெடியன் வேற உங்களோட நிக்கிறான். அவனைத்தான் முதல் பிடிப்பாங்கள்" என்றேன்.

பேரன் உள்ளே ஏ.எல். பாடம் படித்துக்கொண்டிருந்தான். ஆச்சி அவன் இருந்த அறைக் கதவைப் பார்த்தார். எத்தனை சோதனைகளிலும் விட்டுக்கொடுக்காமல் ஒளித்து வைத்ததை, என் ஒரு வசனத்தில் விட்டுவிட்டார்.

"அப்ப கொண்டு போ மோனை. உனக்குப் புண்ணியம்."

காசு வேண்டாம் என்றுகூடச் சொன்னார். நான்தான் 15,000 ரூபாவை மேசையில் வைத்து, பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் வாள் வாங்கியதைவிட அதிகமாகக் கூசுகிறது. அதே தரத்து வாள் வெளிநாட்டு ஏலங்களில், உள்ளே இருப்பது வெறும் பட்டறை அலகு என்றாலும், பல நூறு அமெரிக்க டொலருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். பழைய அலகென்றால் அதைப்போலப் பல மடங்கு.

இதைவிடக் கேவலமாக ஒன்றும் அன்று நடந்தது. ஆச்சி அந்த வாள் வந்த வழியைச் சொல்லத் தொடங்கினார். "சப்பான் தோத்த நேரம், ஒரு ராத்திரி அவன் எங்கட வீட்டுக்கு வந்தவன். ஐயாட்டை ஒரு சாரம் கேட்டவன்..." என்று தொடங்கியதும், "ஆச்சி, உறையில இன்னொரு வளையம் இருந்ததோ?" என்று குறுக்கே கேட்டேன். 94ஆம் மாதிரி உறைக்குத் தொங்கவிட இரண்டு வளையம், அதில் ஒன்று கழற்றக்கூடியது; 98க்கு ஒன்றுதான். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. அவர் யோசித்துவிட்டுத் தெரியாது என்றார். கதை அதோடு நின்றது. நானும் திரும்பக் கேட்கவில்லை.

சேகரிப்பவர்கள் மத்தியில் ஒரு எச்சரிக்கை புழங்கும்: வாளை வாங்கு, கதையை வாங்காதே. ஜெனரல் கொடுத்தது, சரணடைந்த இடத்தில் எடுத்தது என்றெல்லாம் அளந்து விலை ஏற்றும் வியாபாரிகளுக்கு எதிராகச் சொல்லப்பட்டது அது. விலையைத் தானே ஏற்றத் தெரியாத ஒரு பெண்ணின் வாயை மூட நான் அதைப் பாவித்தேன். அத்தோடு நான் படித்திருந்த சரித்திரமும் அவர் சொன்னதற்கு எதிராக இருந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் தலைமையகம் வைத்திருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களைக் கையால் ஒப்படைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். 1945 நவம்பர் 30இல் சைகோனில் பீல்ட் மார்ஷல் தெரவுச்சி தன் இரண்டு வாள்களை அவரிடமே கொடுத்தார். மரத்துண்டில் பெயரெழுதிக் கட்டி ஒப்படைத்த வாள்கள் நேசப்படை அதிகாரிகளுக்கு நினைவுப் பொருளாகப் பங்கிடப்பட்டன. இப்படியிருக்க, ஒரு செந்தூல் கிளாக்கரின் வீட்டு வாசலுக்கு ஜப்பான்காரன் வந்து வாளைக் கொடுத்தான் என்றால் யார் நம்புவது? நான் மனதுக்குள் சிரித்தேன்.

பிறகுதான் நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். ஜப்பான் பணிந்ததாக அறிவித்தது ஓகஸ்ட் 15. பிரிட்டிஷ்காரர் பினாங்கில் இறங்கியது செப்டெம்பர் 3. மோரிப் கரையில் பெரும்படை இறங்கியது செப்டெம்பர் 9. இடையில் மூன்று கிழமைக்கு மேல் மலாயாவில் பழைய ஆட்சி தோற்றுவிட்டது, புதியது வரவில்லை. காட்டிலிருந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இறங்கி வந்து பழி தீர்த்த நாட்கள் அவை. சீருடையைக் கழற்றிப் போட்டுச் சாரம் கட்டிக்கொண்டு மறைய ஒருவன் நினைத்திருந்தால், அந்த மூன்று கிழமையில்தான் நினைத்திருப்பான். ஆச்சியின் அரை வசனம் நான் படித்த புத்தகங்களுக்கு எதிரானதே அல்ல. அவற்றில் எழுதப்படாமல் விடுபட்ட இடத்தில் அது சரியாகப் பொருந்துகிறது.

சாரம் கேட்டு வந்த அந்த அதிகாரி யார், செந்தூல் பட்டறையில் என்ன செய்தவன், நல்லவனா? அல்லது தோட்டங்களிலிருந்து தமிழரைச் சயாமுக்கு ஏற்றிய ரயில்களுக்குக் கையெழுத்து வைத்தவனா? 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர் பல்லாயிரம். அவர்களில் பெருந்தொகையானோர் மலாயாத் தோட்டத் தமிழர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. செந்தூலில் சிறுமியாய் இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவர் என் முன்னால் இருந்தார். நான் வளையத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றிரவே மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தேன். கைப்பிடி இறுகிப் போயிருந்தது. மணிக்கட்டில் குத்தித் தட்டத் தட்ட, மெல்ல அசைந்து, ஒரு உதறலில் கழன்றது. உள்ளே அடித்தண்டு, கன்னங்கரேலென்று, தொட்டால் வழுவழுப்பாக. துருதான், ஆனால் செதில் செதிலாக உதிரும் சிவப்புத் துரு அல்ல. ரோச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு பக்கத்தில் வெட்டெழுத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. மேலே சின்னதாக ஒரு பள்ளம். அது முத்திரையாகவும் இருக்கலாம், துரு தின்ற பொட்டாகவும் இருக்கலாம்.

பொறுத்திருக்க வேண்டும். எழுத்தைப் படமெடுத்து யாருக்காவது அனுப்பியிருக்க வேண்டும். எனக்கோ எவ்வளவு லாபம் அடித்தேன் என்று அந்த இரவிலேயே தெரியவேண்டியிருந்தது. விடிந்ததும் தண்டை மட்டும் வெளியே விட்டு அலகைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். கம்பித் தூரிகை பூட்டிய கிரைண்டரில் பிடித்தோம். கறுப்பு, புகையாகப் பறந்தது. பிறகு எமரித்தாள் போட்டுத் தேய்த்தேன். கால் மணித்தியாலத்தில் தண்டு கண்ணாடிபோல் பளபளத்தது. பட்டறைப் பொடியன் "இப்ப வடிவாயிருக்கு அண்ணை" என்றான். எழுத்து இருந்த இடத்தில் மூன்று சிறு கீறல்கள் மிச்சம். பள்ளம் போய்விட்டது. மறுபக்கத்தில் ஏதாவது இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும், வாள் அறிந்த ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அவர் முதலில் கேட்டது அலகைப் பற்றி அல்ல. தண்டை யார் இப்படிச் செய்தது என்று. பிறகு விளக்கினார். அந்தக் கறுப்புத் துரு வாளின் காணி உறுதி. அதன் நிறத்தையும் ஆழத்தையும், அதற்கடியில் கொல்லன் அரத்தால் இழுத்த கோடுகளின் சாய்வையும் வைத்துத்தான் வயது சொல்வார்கள். அதனால்தான் அலகை எத்தனை தடவை தீட்டினாலும் தண்டை மட்டும் எந்தக் காலத்திலும் சுத்தம் செய்வதில்லை. ஜப்பானில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்றார். யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு உறுதியை விளக்கவேண்டியதில்லை. சவர்க்காரம் போட்டுத் தோய்த்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் நான்.

அலகைப் பற்றி அவர் எதையும் அறுதியாகச் சொல்லவில்லை. பாரம்பரிய முறையில், ஷிமானேப் பகுதியில் கருமணலையும் மரக்கரியையும் உருக்கி எடுத்த எஃகில் அடித்ததாக இருக்கலாம். நல்ல கையால் செய்த போர்க்காலச் சரக்காகவும் இருக்கலாம். முன்னதென்றால் ஜப்பான் அதைக் கலைப்பொருளாகப் பதிவு செய்துகொள்ளும். பின்னதென்றால் பிறந்த நாட்டுக்குள்ளேயே அதை விடமாட்டார்கள். அங்கே அது வெறும் ஆயுதம். தீர்மானிப்பதற்கு இருந்த முக்கிய சாட்சி பட்டறைத் தரையில் தூசாகக் கிடந்தது.

இனித்தான் சொல்லக் கூசும் பகுதி. அந்தப் பதிலை வாசித்தபோது எனக்குக் கவலை வந்தது உண்மை. அதற்கடியில் ஒரு நிம்மதியும் வந்தது. இனி அந்த வாள் என்ன விலை என்று எவரும் நிரூபிக்க முடியாது. ஆச்சிக்கு நான் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம் அல்லவா? மெஷின் சாமான்தானோ என்னவோ. அறியாமையால் செய்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம்; ஆனால் அந்த அறியாமை எனக்கு எவ்வளவு வசதியாக அமைந்தது என்பதை நான்தான் அறிவேன். அந்த வசதியில் சில வருடங்கள் நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

ஆச்சியைப் பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்காபரோவில் காலமாகிவிட்டார். மரண அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்தேன். பிறந்த இடம் கோலாலம்பூர் என்று போட்டிருந்தது. இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை அவருடைய மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். வாளைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பேன், காசு கேட்டாலும் கொடுப்பேன். அந்தச் சாரக் கதையின் மிச்சம் அவருக்குத் தெரியுமா என்றும் எழுதிக் கேட்டிருக்கிறேன். எழுதும்போதே, கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. பதில் இன்னும் வரவில்லை. பொலிசார் யாராவது இதை வாசித்துவிட்டு வந்தால் அவர்களுக்கும் ஒளிக்கமாட்டேன். எந்த முகட்டில் இருக்கிறது என்று மட்டும் இங்கே எழுதவில்லை, திருடரும் பத்திரிகை வாசிக்கிறார்கள்.

மலாயாவிலிருந்து வந்த வாளோ, கத்தியோ, பதக்கமோ உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். என்னைப் போன்ற ஒருவர், கண்ணாடி போட்டுக்கொண்டு, அன்பாகக் கதைத்துக்கொண்டு வருவார். இது இரும்பு விலைதான் போகும் என்பார். வைத்திருந்தால் கரைச்சல் என்று பயமும் காட்டுவார். அவரிடம் எதையும் அன்றே கொடுத்துவிடாதீர்கள். கைப்பிடியைக் கழற்ற விடாதீர்கள். கழன்றால் துருவைத் துடைக்க விடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பி, வேறு இரண்டு பேரிடம் விசாரியுங்கள். சட்டத்தைப் பற்றிப் பயமிருந்தால் சட்டத்தரணியிடம் கேளுங்கள், வாங்க வந்தவரிடம் கேட்காதீர்கள். அது வந்த கதை தெரிந்த பெரியவர் வீட்டில் உயிரோடு இருந்தால், இன்றைக்கே தொலைபேசியை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்து, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் பதிவு செய்துவிடுங்கள்.